டாக்டர் பட்டத்தோடு வரும் ஆன்மிக கவுன்சிலர்: சான்றிதழை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது? (வேலூர், ராணிப்பேட்டை பக்கம்)

சபைக்கமிட்டி_காட்பாடி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையில் வாரத்துக்கு இரண்டு நாள் கவுன்சிலிங் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கல்யாணம் ஆகப்போகும் ஜோடிகள், குடிப்பழக்கத்தால் அல்லாடும் குடும்பங்கள், பிளஸ் டூ பிள்ளைகள் ஆகியோருக்காக. ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். விசிட்டிங் கார்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "ரெவ. டாக்டர், எம்.ஏ. (சைக்காலஜி), டி.டி., பி.எச்.டி. (கிறிஸ்டியன் கவுன்சிலிங், யு.எஸ்.ஏ.), சர்டிஃபைட் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர், சர்வதேச கவுன்சிலர் அமைப்பின் ஆயுள் உறுப்பினர்."

சான்றிதழ்களை லேமினேட் செய்து ஃபைலில் வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் கேட்டால் அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார். ஒரு அமர்வுக்கு 800 ரூபாய், அதையும் காணிக்கையாக வாங்கிக்கொள்வாராம். கமிட்டியில் பாதிப் பேர் "ஊழியக்காரரைப் போய்ச் சோதிப்பதா" என்று கோபப்படுகிறார்கள். ஆளைப் பற்றி எனக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் சபைப் பெயரில் உட்காரவைக்கப் போகிறோம், நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான். எந்தப் பட்டத்தை எங்கே பார்ப்பது, எதற்கு மதிப்பு உண்டு, எதற்கு இல்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனநலப்பணி_பாகாயம்

சார், கார்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் சட்டம் கட்டிவைத்திருக்கும் பெயர் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்". அதிலிருந்து தொடங்குங்கள்.

யாரை அப்படி அழைக்கலாம் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஒப்புதல் கொடுத்த இடத்தில் கிளினிக்கல் சைக்காலஜி படித்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் சைக்காலஜியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. முடித்து, அதன்மேல் இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில். படித்தவர்கள். வார்டில், மேற்பார்வையில், நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பயிற்சி அதில் அடங்கும். வெறும் எம்.ஏ. சைக்காலஜி ஒருவரைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது, எவ்வளவு நல்ல பல்கலைக்கழகமாக இருந்தாலும். தபால்வழி என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்ததாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

அடுத்து "ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர்". எண் போடவில்லை பாருங்கள். பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் விவரம் வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எண் திரையில் வந்ததும் "சரி, இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். ஆர்.சி.ஐ. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளை மட்டும் பதிவு செய்வதில்லை. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சி தருபவர், செயற்கைக் கால் செய்பவர் என்று 16 வகையினர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்தவருக்கும் நியாயமான எண் இருக்கும். அந்த எண்ணைக் காட்டிக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டுகிறார்கள். எண்ணும் பொய்யில்லை, ஆளும் பொய்யில்லை, பிரிவு மட்டும் வேறு. ஆகவே தகுதி, பிரிவு என்ற இரண்டு விவரத்தையும் படியுங்கள், பதிவு காலாவதி ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

பெயர் விஷயத்திலும் நிதானம் தேவை. நம்ம பக்கம் இனிஷியல் விரியும்போது ஆளே மாறிவிடுவார். அதே பெயரில் வேறொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. அசல் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் வைத்து அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். லேமினேட் செய்த ஜெராக்ஸ் எதற்கும் ஆதாரமாகாது.

"கவுன்சிலர்", "தெரபிஸ்ட்", "லைஃப் கோச்" என்ற பெயர்களுக்கு இப்படி இறுக்கமான காவல் இல்லை. 2021இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் சைக்காலஜிஸ்ட், சில வகை ஆலோசகர் ஆகியோரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவு முறை இப்போதுதான் உருவாகி வருகிறது. அதனால் ஒருவர் தன்னை "ஆலோசகர்" என்று சொல்லிக்கொள்வதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலை சமூகப்பணி) மருத்துவ, மனநலப் பிரிவு படித்தவர்கள், கவுன்சிலிங்கில் முறையான முதுநிலை டிப்ளமோ படித்தவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். என்ன படித்தோமோ அதைச் சொல்கிறார்களா என்பதுதான் நமக்குக் கேள்வி. "ஆயுள் உறுப்பினர்" என்பதை அடித்துவிடுங்கள், சந்தா கட்டினால் கிடைப்பது அது.

இறையியல்_நூலகம்

மேலே அக்கா சொன்னது மனநலப் பக்கம். இறையியல் பட்டங்களைப் பற்றி நான் எழுதுகிறேன், இதில் குழப்பம் இன்னும் அதிகம்.

இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது: சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், அவ்வளவுதான். கிறிஸ்தவ இறையியலில் தனி வரலாறு கொண்டது செராம்பூர். 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனம், பிறகு 1918ஆம் ஆண்டு செராம்பூர் கல்லூரிச் சட்டம், இவற்றின் பலத்தில் செராம்பூர் செனட் பி.டி., எம்.டி.எச்., டி.டி.எச். (இறையியலில் இளநிலை, முதுநிலை, முனைவர்) பட்டங்களைக் கொடுக்கிறது. மதுரை அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் யு.டி.சி. எல்லாம் அதோடு இணைந்தவை. உங்கள் ஆள் இந்த வழியில் வந்தவர் என்றால் கல்லூரிப் பெயர், சேர்ந்த வருடம், பதிவு எண் மூன்றும் கேளுங்கள். கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் போட்டால் தெரிந்துவிடும்.

ஆசிய இறையியல் கூட்டமைப்பு, அதாவது ஏ.டி.ஏ., அங்கீகாரம் என்று சிலர் காட்டுவார்கள். அது இறையியல் கல்லூரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தர மதிப்பீடு. சபை ஊழியத்துக்கு அதற்கு மரியாதை உண்டு, அங்கே படித்த நல்ல போதகர்கள் நிறைய இருக்கிறார்கள். அரசு அங்கீகாரம் என்று அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கார்டுக்கு வருவோம். "டி.டி.", அதாவது டாக்டர் ஆஃப் டிவினிட்டி, பெரும்பாலும் கௌரவப் பட்டம். கௌரவப் பட்டத்தைக் கல்வித் தகுதியாகக் காட்டி வேலை கேட்பது சரியில்லை, அதை வைத்துப் பெயருக்கு முன் டாக்டர் போடுவதும் முறையில்லை. அந்தக் கௌரவத்தையும் யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு தனியார் அமைப்பு போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கி, பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. மேடை, அங்கி, தொப்பி, போட்டோ எல்லாம் அசல் போலவே இருந்தன. அங்கி போட்ட போட்டோவை யாராவது சான்றாக நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.எச்.டி. உண்மையா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். ஆய்வேட்டின் முழுத் தலைப்பு என்ன? வழிகாட்டி யார், எந்தத் துறை? வாய்மொழித் தேர்வு எந்தத் தேதியில், எங்கே நடந்தது? நாலைந்து வருடம் உட்கார்ந்து எழுதியவர் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடுங்கள். பழைய ஆய்வேடுகள் எல்லாம் அதில் ஏறியிருக்காது, ஆகவே அங்கே இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்த நிறுவனத்துக்கு அந்த நாட்டில் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பின் அங்கீகாரம் உண்டா, இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைச் சான்று இங்கே வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வகுப்பு இல்லை, ஆய்வேடு இல்லை, "வாழ்க்கை அனுபவத்துக்கு மதிப்பெண்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு தபாலில் பட்டம் அனுப்பும் இடங்கள் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவின் சில மாகாணங்களில் மத நிறுவனங்கள் மதப் பட்டம் கொடுக்க அரசு அனுமதி தேவையில்லை என்று விலக்கு உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் "கிறிஸ்டியன் கவுன்சிலிங்" பி.எச்.டி.கள் நிறைய வருகின்றன. அங்கேயே அது சிகிச்சை கொடுக்கும் உரிமம் ஆகாது, இங்கே எப்படி ஆகும்?

எம்.ஏ. பட்டத்துக்கு: அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதுங்கள். சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் காட்பாடியிலிருந்து நேரிலேயே போய் விசாரிக்கலாம். எழுதுவதற்கு முன் விண்ணப்பதாரரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தகராறு வராது. அந்தக் கையெழுத்தைப் போட மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

சபைக்கமிட்டி_காட்பாடி

ரொம்ப நன்றி. சம்மதக் கடிதம் நாளைக்கே தயார் செய்கிறேன். ஒன்று கேட்க மறந்தேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வருவார்கள். ஜெபமும் உபவாசமும் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். கோடு எங்கே போடுவது?

வார்டு_சிஸ்டர்

பிரதர், இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பட்டம் பொய் என்பதால் பணம் போகலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உயிர் போகலாம்.

லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களை முதலில் சொல்கிறேன். இரத்தத்தில் அதன் அளவு 0.6 முதல் 1.0 வரை இருக்கும்படி டாக்டர் பார்த்துக்கொள்வார். 1.5 தாண்டினால் விஷமாகும். தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் உள்ளேயே பிடித்துவைக்கும். வேலூர் மே மாத வெயிலில் தண்ணீர் கூடக் குடிக்காமல் மூன்று நாள் உபவாசம் இருந்தால், மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டாலும் அளவு ஏறிவிடும். கை பெரிதாக நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்க்கிறவர்கள் "ஆவி அசைகிறது" என்று இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அந்த நேரத்தில் தேவை ஆஸ்பத்திரியும் இரத்தப் பரிசோதனையும். உபவாச வலிக்கு என்று வலி மாத்திரை வாங்கிப் போட்டால் இன்னும் மோசம், புரூஃபென் வகை மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும்.

வலிப்பு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம். 5 நிமிடம் தாண்டினால் அவசர நிலை, 108க்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

குடிப்பழக்கம் உள்ளவர்களை "விடுதலை கூடுகை" என்று அறையில் வைத்துச் சட்டென்று நிறுத்தவைப்பதும் அப்படியே. தினமும் நிறையக் குடித்தவருக்கு நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடம்பு உதறல், காய்ச்சல், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிவது, ஆள் தெரியாமல் பேசுவது என்று வரும். இதையும் பிசாசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் ஆட்கள் இறந்துபோகிறார்கள். பி1 வைட்டமின் ஊசி, தூக்க மருந்து, திரவம் எல்லாம் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை. பிள்ளை பெற்ற தாய் முதல் இரண்டு வாரத்தில் தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசினால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

கோடு இதுதான்: மருந்தைத் தொடங்கு, நிறுத்து, பாதியாக்கு என்று கவுன்சிலர் வாயில் ஒரு வார்த்தை வரக் கூடாது. உபவாசம் இருக்க விரும்பினால் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு இருக்கட்டும். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இருக்கிறது, குடும்பத்தாரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை அங்கே உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் இருக்கிறது. இரவில் போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். இந்த மூன்றையும் கவுன்சிலிங் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஊழியரும் டாக்டரும் சேர்ந்து நடக்க இந்த ஊரில் வழி இருக்கிறது, சி.எம்.சி.யிலேயே குருமார் துறை இருக்கிறது. ஜெபிக்கிறவர் ஜெபித்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆற்காடு_வக்கீல்

சட்டப் பக்கம் சுருக்கமாக. "புகார் கொடுத்தால் ஜெயிலா" என்று எல்லாரும் கேட்பதால் எது வலுவானது, எது வலுவில்லாதது என்று பிரித்துச் சொல்கிறேன்.

ஆர்.சி.ஐ. சட்டம் 13ஆம் பிரிவு: பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை 1992ஆம் வருடத்துத் தொகை, பயமுறுத்தாது. தன்னை மருத்துவ டாக்டர் என்று காட்டி மருந்து எழுதினால் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். பொய்த் தகுதி சொல்லிப் பணம் வாங்கியது நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 7 வருடம் வரை. போலிச் சான்றிதழைத் தயாரித்ததும், தெரிந்தே பயன்படுத்தியதும் தனிக் குற்றங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் வழக்கு வரும்.

நோட்டீசிலோ யூடியூபிலோ "மந்திரித்து வலிப்பு, பைத்தியம் குணமாகும்" என்று விளம்பரம் செய்தால் 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் இருக்கிறது. ஆட்களைத் தங்கவைத்து "சிகிச்சை" கொடுத்தால் அது மனநல நிறுவனமாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 வரை அபராதம். சங்கிலியில் கட்டுவது எந்த உருவத்திலும் கூடாது என்று 95ஆம் பிரிவு சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி தீயில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிய பிறகும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வேதனை.

800 ரூபாய் காணிக்கை விஷயத்தை லேசாக விடாதீர்கள். நுகர்வோர் சட்டம் காசு கொடுத்து வாங்கிய சேவைக்குத்தான். காணிக்கை என்று ரசீது போட்டால், அல்லது ரசீதே இல்லாவிட்டால், "அது நன்கொடை, சேவைக் கட்டணம் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பாதிக்கப்பட்டவர் கையில் ஒன்றும் இருக்காது. ஜி.பே.யில் அனுப்பும்போது "கவுன்சிலிங் கட்டணம்" என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: சண்டை போடுவதற்கு முன் போர்டு, கார்டு, பேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். புகார் வாசனை பட்டதும் "கிளினிக்கல்" என்ற சொல் போர்டிலிருந்து காணாமல் போகும். பிறகு ஆர்.சி.ஐ.க்கு மனு, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு நகல், பணம் போயிருந்தால் காவல் நிலையம். எந்த மாவட்டம் என்பதைச் சரியாகப் போடுங்கள். 2019இல் பிரித்த பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. பழைய பழக்கத்தில் வேலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அது சுற்றி வரவே மாதங்கள் ஆகும்.

ஆம்பூர்_பாய்

சபைக்கு மட்டும் வரும் பிரச்சினை இல்லை இது. எங்கள் பக்கம் ருக்யா (நோய்க்குக் குர்ஆன் வசனம்) ஓதுகிறவர் திடீரென்று "இஸ்லாமிய சைக்கோதெரபிஸ்ட்" ஆகிவிடுகிறார். அருள்வாக்கு சொல்கிறவர் "ஆன்மிக மனநல ஆலோசகர்" என்று பேனர் வைக்கிறார். பெயருக்குப் பின் "பாகவி" போட்டால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் என்று அர்த்தம், மதரஸாவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த ஸனது (மதரஸா பட்டம்) மார்க்கக் கல்விக்கு. ஓதிப் பார்க்கலாம், குடும்பத் தகராறில் நல்ல வார்த்தை சொல்லலாம். மனச்சிதைவுக்கு வைத்தியம் பார்க்க அது போதாது, உண்மையான ஆலிம்கள் அதை அவர்களே சொல்லி டாக்டரிடம் அனுப்பிவைப்பார்கள்.

இன்னொன்று, ரகசியம். கவுன்சிலிங்கில் சொன்னது வெள்ளிக்கிழமை ஜமாத்திலோ உங்கள் ஜெபக் குழு வாட்ஸ்அப்பிலோ "இந்தக் குடும்பத்துக்காக துஆ செய்யுங்கள்" என்று வந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முடிந்தது. ஆளை எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மனநலப்பணி_பாகாயம்

பாய் சொன்னதை ஒப்பந்தத்தில் முதல் வரியாகப் போடலாம். எழுதியே ஒப்புதல் கொடுத்தால் ஒழிய ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகக் கூடாது. இரண்டு இடத்தில் மட்டும் ரகசியம் நிற்காது, அதையும் முதல் அமர்விலேயே வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் கொடுமை பற்றிச் சொன்னால் போக்சோ 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் தெரிந்து மறைத்தவர் மேல் வழக்கு. "சபை மானம்" என்று கமிட்டி உள்ளேயே பேசித் தீர்க்க அதில் இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் சுவரில் சேருங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளைப் பார்க்கும் அறைக்குக் கண்ணாடி வைத்த கதவு வேண்டும், சத்தம் வெளியே கேட்காமல், ஆள் தெரியும்படி. பெண்களுக்குப் பெண் ஆலோசகர் ஒருவரையும் யோசியுங்கள்.

சபைக்கமிட்டி_காட்பாடி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கார்டில் இல்லாவிட்டாலும், ஒருவேளை அவர் செராம்பூரில் டி.டி.எச். வாங்கியவர் என்று உறுதியானால் போர்டில் டாக்டர் என்று போடலாமா?

இறையியல்_நூலகம்

தாராளமாக, ஆனால் எதில் என்று சேர்த்துப் போடுங்கள். "முனைவர் (இறையியல்), செராம்பூர், போதக ஆலோசனை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் "மனநல மருத்துவமோ மருத்துவ உளவியல் சிகிச்சையோ இங்கே அளிக்கப்படுவதில்லை" என்று இன்னொரு வரி. கார்டு, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எல்லாவற்றிலும் இதே வாசகம் இருக்கட்டும். பழைய கார்டுகளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.